லீனாவுக்குச் சொன்ன வழி

நீங்கள் எல்லோரும் என் பெயரைப் போனில் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். மறுக்க வேண்டாம். உங்கள் வயதில் நானும் என் பயிற்சியாளர்களைத் தேடிப் பார்த்தவள்தான். அங்கே என்ன இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நாடு: சுவீடன். தொழில்முறை ரெனிஸ் வீராங்கனை, ஓய்வு பெற்றவர். பெரிய போட்டிகளின் பிரதான சுற்றில் விளையாடிய ஆட்டங்கள்: பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தைப் பார்த்துவிட்டு உங்களில் ஒருத்தி, பெயர் சொல்லமாட்டேன், இங்கே ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியிலிருந்து வருகிறவள், போன கிழமை என்னிடம் கேட்டாள். "கோச், நீங்கள் ஒரு மெயின் ட்ரோகூட விளையாடேல்லையா? தட்ஸ் சோ சாட்." நான் அவளைக் கோர்ட்டைச் சுற்றி ஓடவிட்டேன். அது தண்டனை இல்லை. பதில் சொல்வதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. இதுதான் பதில்.

அடுத்த மாதம் உங்களில் சிலர் முதன்முதலாகத் தொழில்முறைப் போட்டிகளுக்குப் புறப்படுகிறீர்கள். சேர்வ் எப்படிப் போடுவது, கால் எங்கே வைப்பது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு விடியற்காலையிலேயே என்னிடம் போதுமான ஏச்சு வாங்குகிறீர்கள். இது வேறு விஷயம். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ வாசித்துக் காட்டட்டும். அவர்கள் கேட்பதும் நல்லதுதான்.

என் முதல் வருடத்தில் சுவீடன்காரி ஒருவர் எனக்கு வழிகாட்டியாக இருந்தார். மூத்த வீராங்கனை, வாய் துடுக்கு, யாரையும் புகழமாட்டார். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் நான் தோற்று, உடுப்பு மாற்றும் அறையில் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதபோது வந்து துவாயை இழுத்தார். "முதலில் போய்க் கையெழுத்துப் போடு. பிறகு வந்து அழு" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு விசித்திரமான கதிரை இருக்கிறது. தகுதிச் சுற்றின் கடைசிப் படியில் தோற்றவர்கள் தோற்றும் தோற்காமலும் இருப்பார்கள். பிரதான சுற்றில் யாராவது காயப்பட்டோ காய்ச்சல் வந்தோ விலகினால், தோற்றவர்களில் தரவரிசையில் மேலே இருப்பவரை உள்ளே எடுப்பார்கள். அதற்குப் பெயர் 'லக்கி லூசர்'. ஒவ்வொரு நாளும் காலையில் நடுவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அங்கேயே நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவர் போவார். ஒருவரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள்.

அவர் எனக்குக் கற்றுத் தந்தது காத்திருப்பதைத்தான். சப்பாத்தைக் கழற்றாதே. வயிறு முட்டச் சாப்பிடாதே. மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி ஓடு. இன்றைக்கு ஒருவரும் விலகமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு நீ அங்கேயே இரு. பத்து வருடம் நான் இதைக் கடைப்பிடித்தேன். எத்தனையோ ஊர்களில் காலணியோடு கதிரையில் இருந்து எழும்பி வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை.

அப்படித்தான் ஒரு ஆகஸ்ட் மாதம் ரொறன்ரோவுக்கு வந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது. வலது தோள்மூட்டு ஏற்கெனவே என்னோடு கோபத்தில் இருந்தது. இன்னும் ஒரு வருடம் ஓடினால் பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சுவீடனுக்கு அகதியாய் வந்து, வெதுப்பகத்தில் மா பிசைந்து, எனக்கு மட்டை வாங்கித் தந்த மனுசன். அப்பாவின் தமையன், என் பெரியப்பா, இங்கே வோபர்னில் இருந்தார். விமான நிலையத்தில் லிமோசீன் ஓட்டுகிறவர். நான் விளையாடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. சொந்தக்காரர் முன்னால் ஒரேயொரு தடவை பிரதான சுற்றில் இறங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது. வேறு நல்ல சொல் இல்லை.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றேன். லீனாவும் தோற்றாள். லீனா சுவீடன்காரி, என் வயதுக்காரி, சிறுவயதிலிருந்தே ஒரே அறையில் தங்கி, ஒருவர் காலுறையை ஒருவர் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தரவரிசையில் அவள் எனக்குக் கொஞ்சம் மேலே. ஆகவே பட்டியலில் அவள் முதல், நான் இரண்டாவது. தோற்றவர்களுக்கு ஹோட்டல் அறை கிடையாது. நான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவள் நகரத்துக்குக் கிழக்கே தள்ளியிருக்கும் விட்பியில் தெரிந்த ஒரு சுவீடன் அம்மா வீட்டுக்குப் போனாள்.

முதல் சுற்றின் கடைசி நாள். அந்தச் சுற்றில் ஒன்றே ஒன்று மிச்சம், இரண்டாம் சுற்று ஆட்டங்களும் தொடங்கிவிட்டன. அதில் ஆட வேண்டிய இருவரும் காலையில் குதித்துக் குதித்துப் பயிற்சி எடுத்ததை எல்லோரும் பார்த்தோம். லீனா கையெழுத்துப் போட்டுவிட்டு மதியத்தோடு கிளம்பிவிட்டாள். மறுநாள் விமானம், பெட்டி அடுக்க வேண்டும். "நீயும் போ, இனி என்ன" என்றாள். நான் சப்பாத்தைக் கழற்றவில்லை.

பின்னேரம் மூன்று மணி கழிய நடுவர் அம்மா வீரர்கள் அறைக்குள் வந்தார். கையில் வோக்கி டோக்கி. அந்த இருவரில் ஒருத்திக்கு முதுகு பிடித்துவிட்டது, விலகிவிட்டாள்.

"லீனா எங்கே?"

"வெளியில் போய்விட்டாள்" என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இப்போது அந்தக் கோர்ட்டில் நடக்கிற ஆட்டம் முடிந்ததும் இந்த ஆட்டம். அந்த நேரம் லீனா இங்கே நின்றால் லீனா. இல்லாவிட்டால் நீ. தயாராகு." அவ்வளவுதான் சொன்னார். லீனாவுக்குப் போன் எடுப்பது அவருடைய வேலை இல்லை. விதியில் அது யாருடைய வேலையும் இல்லை.

சுவரில் இருந்த திரையைப் பார்த்தேன். முதல் செற்றை ஒரு நெட்டைப் பெண் வென்றிருந்தாள், இரண்டாவதிலும் அவள்தான் முன்னால். இன்னும் அரை மணித்தியாலம் என்று மனம் கணக்குப் போட்டது. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கால் மணித்தியாலம் கழித்து எடுத்தாலும் எடுத்ததுதான். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை, கொஞ்சம் மெதுவாக இருந்தால் போதும்.

உடனே எடுத்தேன். சுவீடிஷில் பேசியதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், வேறு தமிழ் எனக்கு வராது.

"லீனா, ஒராள் விலத்திட்டாள். உன்னைத்தான் கூப்பிடுகினம். முன் ஆட்டம் முடியிறதுக்குள்ள இஞ்ச நிக்கோணும்."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடையும் சத்தம். கதவு அடிபடும் சத்தம். கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம். அந்த விட்பி அம்மாவின் கார். நான் மனதுக்குள் என் கடமை முடிந்தது என்று மூச்சுவிட்டேன். அப்போது லீனா கேட்டாள்.

"போனில மப் 401 பெருந்தெரு எண்டு காட்டுது. ஒண்டரை மணித்தியாலமாம். அதாலதான் வாறதோ?"

ஸ்காபுறோவில் வளர்ந்த உங்களுக்கு, கோடைகாலத்தில் பின்னேரம் மூன்றரை மணிக்கு 401 எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லீனா காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறவள், மப்பில் காசு கட்டும் பாதைகளை நிறுத்தி வைத்திருப்பாள். 407 என்று காசு கட்டும் பெருந்தெரு ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்கப் பெரியப்பா சோறு பரிமாறும்போதும் இதைத்தான் கதைத்தார்: எந்த நேரம் எந்த ரோட்டு, எங்கே நெரியும், எங்கே வழி விடும்.

"ஓம், அதாலதான் வா" என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. மப் சொன்னதைத்தானே சொல்கிறேன். நான் போனும் எடுத்துவிட்டேன், உடனேயே எடுத்துவிட்டேன், உலகத்தில் எவரும் என்னில் பிழை பிடிக்க முடியாது. அவள் 401 இல் அசையாமல் நிற்பாள், நான் கோர்ட்டில் இறங்குவேன், பெரியப்பா பார்ப்பார். பிறகு லீனாவே என்னைக் கட்டிப்பிடித்து, நீ எவ்வளவு நல்லவள் என்று சொல்லுவாள்.

அந்தக் கட்டிப்பிடிப்பை வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளே, நான் நல்லவள் என்று காட்ட இதை எழுதவில்லை. நான் அப்படி இல்லை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் திமிர் அதிகம். நான் விளையாடினேன் என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் என் வாய்க்குள் எதையும் ஒளித்து வைத்திருக்க எனக்கு ஏலாது.

"401 வேண்டாம்" என்றேன். "412 ரோட்டில ஏறி 407 ஐப் பிடி. காசு போனாப் போகட்டும். மப்பை நிப்பாட்டிப்போட்டு நான் சொல்லுற மாதிரி வா."

பிறகு பெரியப்பாவுக்கு எடுத்தேன். "பெரியப்பா, சிலவேளை விளையாடுவன். வரேலுமோ?" அவருக்கு விமான நிலைய ஓட்டம் ஒன்று இருந்தது. "அதை வேற ஒருத்தனுக்குக் குடுக்கிறன். இந்தா வாறன்" என்றார்.

மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகும் ஒடுக்கமான வழியில் போய் நின்றேன். அங்கிருந்து கோர்ட்டின் ஒரு மூலை தெரியும். நெட்டைப் பெண்ணுக்கு ஆட்டத்தை முடிக்க ஒரு புள்ளி போதும். அவளை எனக்குத் தெரியாது, எந்த நாடு என்றுகூடத் தெரியாது. அவளுக்காக றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். வழியைச் சொன்னது நான்தான், அதற்காக அவள் வந்து சேரக்கூடாது என்று வேண்டாமல் இருக்க நான் என்ன மரமா? நெட்டைப் பெண் அடித்த பந்து வலையின் மேற்பட்டியில் பட்டு, ஒரு கணம் யோசித்து, அவள் பக்கமே விழுந்தது. மற்றவள், ஒரு இடதுகைக்காரி, அந்தச் செற்றைப் பறித்துவிட்டாள். மூன்றாவது செற்.

மூன்றாவது செற் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது லீனா ஓடி வந்தாள். ஒரு காலில் காலுறை இல்லை. நடுவர் அம்மா அவளுடைய அட்டையைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மன்னித்துக்கொள்" என்றார். நான் பையை இறக்கி வைத்தேன். உடம்பு சூடாக்க அவளுக்கு வேறு ஆள் இல்லை. பின்பக்கத்துக் கோர்ட்டில் நான்தான் அவளோடு பந்து அடித்தேன். அவள் மூச்சிரைக்க, "என்ர பெட்டியில ஒருத்தரும் இல்லை. நீ வந்து இருப்பியோ?" என்று கேட்டாள். வீரருக்குச் சொந்தமானவர்கள் இருக்கும் முன்வரிசையைத்தான் பெட்டி என்போம். ஓம் என்றேன்.

பெரியப்பா வேலைக் கோட்டோடு வந்து வாசலில் நின்றார். கறுப்புக் கோட், கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து. என்னைப் பெட்டியில் கண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"நீ என்னெண்டு இஞ்ச இருக்கிறாய்? விளையாடேல்லையோ?"

"இல்லை பெரியப்பா. லீனா வந்திட்டாள்."

"விட்பியில எண்டாய்?"

"நான் போன் எடுத்துச் சொன்னனான்."

அவர் முகம் கறுத்தது. கோர்ட்டைப் பார்த்தபடி சொன்னார். "சரி, சொன்னனீ. கூட்டாளி, சொல்லத்தான் வேணும். ஆனா விட்பியில இருந்து இந்த நேரத்தில வரேலாதே. 401 இல வந்தா இப்பவும் பாதி வழியில பிக்கரிங்கில நிண்டிருப்பாள்." திரும்பி என்னைப் பார்த்தார். "407 இல வரச் சொன்னது ஆர்?"

"நான்தான்."

"உனக்கு விசரே பிள்ளை?"

பக்கத்துப் பெட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா குரலைத் தணித்தார், கோபத்தைத் தணிக்கவில்லை. "நான் ஓட்டத்தை விட்டிட்டு வந்தனான். பெரியம்மா வீட்டில ரீவிக்கு முன்னால இருக்கிறா. ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டா. இப்ப நான் ஆருக்குக் கைதட்டுறது?"

ஆட்டம் தொடங்கியது. லீனா முதல் செற்றைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு எரிந்தது. அந்தப் பந்தை நான் விட்டிருக்கமாட்டேன், இதை நான் குறுக்கே அடித்திருப்பேன் என்று கதிரையில் இருந்தபடியே ஒவ்வொரு பந்தையும் நான்தான் அடித்தேன். இடைவேளையில் அவள் எங்கள் பக்கம் பார்த்தாள். இப்போதெல்லாம் பெட்டியிலிருந்து சொல்ல விடுவார்கள். சொன்னேன்: "சேர்வை அகலமாப் போடாத. உடம்புக்குப் போடு, அவளுக்குக் கை நீளம்." போட்டாள். இரண்டாவது செற்றை வென்றாள். பந்து நெடுநேரம் போய்வந்துகொண்டிருந்த ஒரு புள்ளியின் நடுவில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒரு மனிதர் எழும்பி நின்று, "விடாத பிள்ளை! விடாத!" என்று கத்தினார். நடுவர் ஒலிவாங்கியில் அமைதி கேட்டார். பெரியப்பா இருந்தார், உடனே வெட்கப்பட்டு என்னை முறைத்தார்.

மூன்றாவது செற்றில் லீனா தோற்றாள். தோற்றாலும் பிரதான சுற்றில் தோற்றாள். பார்வையாளர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். அவள் பெட்டிக்கு வந்து என் தலையில் தன் ஈரத் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். நான் அழுதேன். அவளுக்காக இல்லை, எனக்காகத்தான். அடுத்த வசந்தத்தில் தோள் முற்றாகக் கைவிட்டது. எனக்கு இன்னொரு ஆகஸ்ட் வரவில்லை.

அதைத்தான் நீங்கள் பூச்சியம் என்று வாசிக்கிறீர்கள். நீங்கள் போகிற இடத்தில் உங்களைப் பெரிய பொய் சொல்லச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் மனம்தான் ஒரு போனைக் கொஞ்சம் பிந்தி எடுக்கச் சொல்லும், ஒரு கேள்விக்கு ஓம் என்று மட்டும் சொல்லச் சொல்லும். யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் நல்லவராக இருக்க முயற்சி செய்யாதீர்கள், அது அவ்வளவு சீக்கிரம் வராது. பிறகு உங்கள் ஆட்களுக்கு முழுக் கதையையும் சொல்ல ஏலுமா என்று மட்டும் பாருங்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு வரிகூட மிச்சம் வைக்கவில்லை.

அன்றைக்குத் திரும்பிப் போகும்போது பெரியப்பாவின் வாகனம் மெல்ல ஊர்ந்தது. அவர் 401 ஐத்தான் எடுத்திருந்தார், என்னை ஏச நேரம் வேண்டும் என்றோ என்னவோ. ஆனால் ஏசவில்லை.

"மனம் நோகேல்லையோ?" என்று கேட்டார்.

"நோகுது பெரியப்பா. நல்லா நோகுது."

இன்னும் கொஞ்சத் தூரம் போனோம். "எயார்போட்டில எங்களுக்கும் லைன் இருக்கு" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "மணித்தியாலக் கணக்கா நிப்பம். முறை வாற நேரம் முன்னுக்கு நிக்கிறவன் பாத்ரூமுக்குப் போயிருப்பான். பின்னால நிக்கிறவன் ஹோன் அடிச்சுக் கூப்பிடோணும். சட்டம் ஒண்டும் இல்லை. அடிக்காமல் தன்ர காரை முன்னுக்கு எடுக்கிறவனும் இருக்கிறான். அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. ஆனா அவனோட ஒருத்தரும் நிண்டு தேத்தண்ணி குடிக்கிறதும் இல்லை."

பிறகு போனை அழுத்தி, காரின் ஒலிபெருக்கியிலேயே அப்பாவைக் கூப்பிட்டார். சுவீடனில் அப்பா வெதுப்பகத்துக்குப் போக எழும்புகிற நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எடுத்தவுடன், "அண்ணை, என்னவாம்? பிள்ளை விளையாடினவளோ?" என்று கேட்டார். பெரியம்மா அங்கேயும் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இல்லையடா தம்பி" என்றார் பெரியப்பா. "உன்ர பிள்ளை விளையாடேல்லை. அதைச் சொல்லத்தான் எடுத்தனான். நல்லாக் கேள், முதல்ல இருந்து சொல்லுறன்."